ஞாயிற்றொளியால் மின்னேற்றல்

(நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் யாம் இலக்கியம் பற்றிச் சில சொல்லிச் செல்வது வழக்கம். இவ்வாண்டு செயலாளரவர்கள் எம்மைக் கண்டு, ‘காப்பியத்தை அடுத்த ஆண்டு வைத்துக்கொள்வோம், சங்க நிதியிலிருந்து வாங்கக் கருதியுள்ள சூரியப் பலகைகளைப் பற்றி உறுப்பினர்க்கு விளங்கும்படி எடுத்துரைக்க வேண்டும்’ என்று பணித்தார்கள். தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்க்கு மின்சாரத்தில் என்ன வேலை என்று வினவுவாரும் இவ்வவையில் இருத்தல் கூடும். நான்காண்டுகளாக எம் வீட்டு மொட்டைமாடியிலும் பள்ளி முற்றத்திலும் இக்கருவியைக் கையாண்டு வருகின்றோம். எம் பள்ளியின் அறிவியலாசிரியர் கணக்குகளைச் சரிபார்த்துத் தந்துள்ளார். இவ்விரண்டுமே யாம் இங்கு நிற்பதற்குரிய தகுதி.

முன்னரே ஒன்று கூறிவிடுதல் நலம். ‘சோலார் பேனல்’ என்பதற்கும் ‘பவர் பேங்க்’ என்பதற்கும் தனித்தமிழ்ச் சொல் படைத்து உங்களைத் திகைக்கச் செய்யும் எண்ணம் எமக்கில்லை. கடைவீதியில் எச்சொல்லைச் சொன்னால் பொருள் கைக்கு வருமோ அச்சொல்லையே வழங்குவோம். முன்னதைச் சூரியப் பலகை என்றும், பின்னதைப் பவர் பேங்க் என்றும், சார்ஜ் போடுதலை மின்னேற்றல் என்றும் சொல்லிச் செல்வோம்.

இப்பேச்சு ஏன் எழுந்தது என்பதை இக்கடற்கரைப் பகுதியில் வாழும் நுமக்கு யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2018ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16ஆம் நாள் விடியற்காலையில் கஜா என்னும் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. தென்னையும் சவுக்கும் மாவும் வேரோடு சாய்ந்தன. இலட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் வீழ்ந்தன. வெளியூர்களிலிருந்து வந்த மின்வாரியத் தொழிலாளர் இடுப்பளவு நீரில் நின்று கம்பம் நட்டதை நாம் கண்டோம். அவர்தம் உழைப்பை மறத்தல் நன்றியன்று. ஆயினும் உட்கிடையான சிற்றூர்கள் பலவற்றில் விளக்கு எரிய வாரங்கள் ஆயின.

அந்நாட்களில் உணவும் உடையும் எவ்வாறோ வந்து சேர்ந்தன. வாராதது செய்தி. எம் தெருவில் ஒரு மூதாட்டியார் இருந்தார். அவர் மைந்தர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். ‘வீடு போயிற்று, உயிர் இருக்கிறது’ என்று நான்கு சொல் சொல்ல அவ்வம்மையார்க்கு ஆறு நாள் ஆயின. கைபேசி அவர் கையிலேயே இருந்தது. முதலிரண்டு நாள் கழிந்தபின் அலைவரிசையும் விட்டுவிட்டுக் கிடைத்தது. அதில் உயிர் ஊட்டத்தான் வழியில்லை. ஜெனரேட்டர் வைத்திருந்த ஓரிடத்தில் கைபேசி ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசி மின்னேற்றினர். அங்கும் வரிசை. மைந்தரோ ஆறு நாளும் உண்ணாது உறங்காது தொலைக்காட்சியில் நம் ஊர்ப் பெயர் வருகின்றதா எனப் பார்த்திருந்ததாகப் பின்னர்க் கூறினார். இத்தகைய கதை இம்மண்டபத்தில் உள்ளார் பலரிடமும் உண்டு.

நிற்க. ஒளி மின்சாரமாவது எவ்வாறு என்பதைச் சுருங்கக் காண்போம். 1839இல் பிரான்சு நாட்டில் எட்மண்ட் பெக்கெரல் என்னும் இளைஞர், பத்தொன்பது வயதில், தம் தந்தையாரின் ஆய்வுக்கூடத்தில் சில கரைசல்களில் நிறுத்திய தகடுகளின் மேல் ஒளி பட்டபோது மின்னோட்டம் பிறத்தலைக் கண்டார். கண்டாரே யன்றி அதனாற் பயன்கொள்ள நூறாண்டுக்கு மேலாயிற்று. 1954 ஏப்ரலில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த சேப்பின், புல்லர், பியர்சன் என்னும் மூவர், சிலிக்கானால் ஆன சூரியக் கலத்தை உலகுக்குக் காட்டினர். தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கை அது மின்சாரமாக்கிற்று. ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. சேப்பின் என்பார் இவ்வாராய்ச்சியிற் புகுந்ததே தொலைபேசியின் பொருட்டாகத்தான். வெப்பமும் ஈரமும் மிக்க தொலைவிடங்களில் தொலைபேசிக்கு வைத்த உலர்மின்கலங்கள் விரைவிற் கெட்டன. அவற்றுக்கு மாற்றுத் தேடியபோது பிறந்ததே இக்கலம். வெப்பமும் ஈரமும் மிக்க இடம் என்றால் நம் ஊரையன்றி வேறெதனைச் சொல்வது! நமக்கென்றே செய்த பொருள் நம்மிடம் வந்து சேர இத்துணைக் காலம் சென்றது.

1958 மார்ச்சில் அமெரிக்கர் விண்ணில் ஏவிய வான்கார்டு-1 என்னும் சிறு செயற்கைக்கோளில் வேதி மின்கலத்தால் இயங்கிய ஒலிபரப்பி சில மாதங்களுள் ஓய்ந்தது. சூரியக் கலங்களால் இயங்கியது 1964 வரை பேசிக்கொண்டிருந்தது. அக்கலத்தின் வழித்தோன்றல்களே இன்று இராமநாதபுர மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் ஆற்றலுடன் பரந்து கிடப்பனவும், மடித்துப் பையில் வைத்துக்கொள்ளும் சிறு பலகையில் இருப்பனவும். இன்று கடையில் வாங்கும் நல்ல பலகை ஒளியில் நூற்றுக்கு இருபது பங்கு அல்லது அதனினும் சற்று மிகுதியாக மின்சாரமாக்குகின்றது.

இனிக் கணக்குக்கு வருவோம். கணக்கென்றவுடன் தாய்மார்கள் எழுந்து செல்லற்க. இக்கணக்கு அறியாமையால்தான் பணம் வீணாகின்றது. இரண்டு அளவைகளை அறிந்தாற் போதும். வாட் என்பது மதகில் பாயும் நீரின் வேகம் போன்றது. வாட்-மணி என்பது ஏரியில் நிற்கும் நீரின் அளவு போன்றது. பத்து வாட் பாய்ச்சும் மதகு இரண்டு மணி நேரம் திறந்திருந்தால் ஏரியில் இருபது வாட்-மணி நிற்கும். இவ்வளவே.

பவர் பேங்கின் மேல் 10,000 என்று பெரிதாக எழுதியிருப்பர். அது மில்லி ஆம்பியர் மணி. உள்ளிருக்கும் லித்தியக் கலத்தின் அழுத்தம் ஏறத்தாழ 3.7 வோல்ட். இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 37 வாட்-மணி. இஃது அதன் கொள்ளளவு. ஆனால், அது கைபேசிக்குச் செல்லும்போது 5 வோல்ட்டாக உயர்த்தப்பட்டு, மீண்டும் கைபேசியினுள் தாழ்த்தப்படுகின்றது. வாய்க்கால் நீர் வழியில் மண்ணிற் சுவறுவதுபோல மூன்றில் ஒரு பங்கு வரை வெப்பமாய்ப் போகும். இக்காலத்துக் கைபேசி பலவற்றின் கலம் 5,000 மில்லி ஆம்பியர் மணி, அதாவது ஏறத்தாழ 19 வாட்-மணி. எனவே 10,000 எண்ணுடைய பேங்க், அக்கைபேசியை இருமுறை நிரப்பும் என்று எண்ணுதல் ஆகாது. ஒருமுறையும் இன்னுமொரு கால்பங்கும் நிரப்பும். பொத்தான்களை உடைய பழைய சிறு கைபேசியாயின் ஆறு முறைக்குக் குறையாது வரும். புயற்காலத்துக்கென்று அத்தகைய பழைய கைபேசி ஒன்றைப் பெட்டியில் வைத்திருப்பவர், யாம் கண்டவரை, கூர்த்த மதியினர்.

அடுத்துப் பலகை. 20 வாட் என்று குறித்த மடிப்புப் பலகையை விரித்தால் ஒருவர் உண்ணும் தலைவாழையிலையினும் சற்றுச் சிறிதாக இருக்கும். 20 வாட் என்பது ஆய்வுக்கூடத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி வீசி, கலத்தின் வெப்பம் 25 பாகையாக இருக்கும்போது அளந்த அளவு. நம் ஊர் நண்பகலில் பலகை அறுபது பாகைக்கு மேற் கொதிக்கும். சிலிக்கான் கலம் வெப்பம் ஏற ஏற ஆற்றல் குன்றும் இயல்பினது. பாகை ஒன்றுக்கு ஆயிரத்தில் மூன்று அல்லது நான்கு பங்கு குறையும். வெயில் கடுமையாயிருந்தால் மின்சாரம் பெருகும் என்பது பொதுவான நம்பிக்கை. வேண்டுவது ஒளி, வெப்பம் பகை. ஆதலின் 20 வாட் பலகையிலிருந்து நல்ல வெயிலில் 12 முதல் 15 வாட் வரை கிடைத்தால் அது நல்ல பலகை என்று கொள்க. நான்கு மணி நேர நல்வெயிலில் மேற்சொன்ன 37 வாட்-மணிப் பேங்க் ஏறத்தாழ நிரம்பிவிடும். எம் மாடியில் யாம் பலமுறை கண்டது இது.

இவ்விடத்தில் ஓர் ஏமாற்றைச் சுட்டாது செல்லுதல் கூடாது. பேங்கின் முதுகிலேயே உள்ளங்கையளவு சூரியத் தகடு ஒட்டி, ‘வெயிலில் வைத்தால் தானே நிரம்பும்’ என்று விற்கின்றனர். எம் உறவினர் ஒருவர் திருவிழாக் கடையில் இதனை வாங்கி வந்து, சன்னல் ஓரத்தில் மூன்று நாள் வைத்து, நிரம்பவில்லையே என்று எம்மிடம் கொணர்ந்தார். அத்தகட்டின் பரப்பு நூறு சதுர சென்டிமீட்டர். உச்சி வெயிலிற்கூட அஃது ஒன்றரை வாட்டுக்கு மேல் தருதல் அரிது. 37 வாட்-மணியையும் சேதாரத்தையும் கூட்டி வகுத்துப் பாருங்கள். எட்டு ஒன்பது நாள் முழு வெயில் வேண்டும். அதற்குள் வேறொரு கேடு விளையும். லித்தியக் கலம் 45 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் மின்னேற்றத் தக்கதன்று. கலத்தை வெயிலிலே கிடத்தினாலன்றித் தகடு வேலை செய்யாது, கிடத்தினால் கலம் கெடும், உப்பும், சிற்சில வேளை தீயும் பற்றும். தகடு வெயிலிலும் கலம் நிழலிலும் இருத்தல் வேண்டும் என்பது இத்தொழிலின் முதல் விதி. இரண்டையும் ஒன்றாக ஒட்டியவர் விதியையே முறித்துவிட்டார். அத்தகைய பொருள் எவ்வளவு மலிவாயினும் சங்கம் வாங்கலாகாது, உறுப்பினரும் வாங்கற்க. மற்றும், பேங்க் எதுவாயினும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவெண் பொறித்திருத்தல் கட்டாயம். ஆர் என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும் அவ்வெண்ணைத் தேடிப் பார்த்து வாங்குக.

கையாளும் முறை சிலவுள. நிழல் என்பதை நாம் சிறிதாக எண்ணுகின்றோம். பலகையிலுள்ள கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டவை. ஒற்றைத் தடத்தில் வண்டிகள் வரிசையாகச் செல்லும்போது நடுவில் ஒரு வண்டி நின்றால் பின்வந்தவை யாவும் நிற்பதுபோல, ஒரு கலத்தின் மேல் தென்னங்கீற்றின் நிழல் விழுந்தாலும் பலகையின் பெரும்பகுதி ஓய்ந்துவிடும். துணி உலர்த்தும் கயிற்றின் நிழல்கூட ஆற்றலைக் குறைத்ததை எம் மாணவர் அளந்து காட்டினர். கண்ணாடிச் சன்னலுக்கு உட்புறம் வைத்தலும் பயன் தாராது.

பலகையை எப்பக்கம் சாய்ப்பது என்று பலர் கேட்கின்றனர். சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணியிலும் நம் தலைக்கு நேர்மேல் நிற்கும் ஞாயிறு, புயல் வரும் கார்த்திகை மார்கழியில் தென்பாற் சாய்ந்து செல்லும். அப்பொழுது பலகையின் வடபுறத்தின் கீழ் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தித் தெற்கு நோக்கச் செய்தல் வேண்டும். இன்னும் எளிய வழி ஒன்று எம் பள்ளிச் சிறுவர் அறிவர். ஒரு குண்டூசியைப் பலகையின் மேல் செங்குத்தாகப் பிடிக்க. அதன் நிழல் முற்றும் மறையும்வரை பலகையைத் திருப்புக. நிழல் மறைந்த நிலையே ஞாயிற்றை நேர்நோக்கிய நிலை. முற்பகலில் ஒருமுறை, நண்பகலில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை திருப்பினாற் போதும்.

கைபேசியைப் பலகையில் நேரே மாட்டுதல் எமக்கு உடன்பாடன்று. முகில் ஒன்று கடக்கும், மின்னோட்டம் தாழும், கைபேசி சிறிது சிறிதாக வாங்கத் தொடங்கிவிடும், முகில் கலைந்த பின்னரும் சில கைபேசிகள் மீண்டும் முழுமையாக வாங்குவதில்லை. கழற்றி மாட்டினால்தான் விழிக்கும். இடையில் பேங்க் ஒன்றை வைத்துப் பகலில் அதனை நிரப்பி, இரவில் அதிலிருந்து கைபேசிக்குக் கொடுப்பதே முறை. குளத்தில் நீரைத் தேக்கிவைத்துக் குடத்தில் முகந்துகொள்ளும் ஊரார்க்கு இது புதிதன்று. பலகையைக் கடலுப்புப் படிந்த நிலையில் பெட்டியில் வையாது நன்னீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்தி வைத்தல் வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்க.

இவ்வளவும் கேட்டபின் முதியோர் ஒருவர், ‘புயல் வரும்போது வானம் மூடிக்கிடக்குமே, அப்பொழுது இப்பலகை என் செய்யும்?’ என்று நிர்வாகக் குழுவில் வினவினார். சரியான வினா. கார்முகில் மூடிய நாளில் பத்தில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் கிட்டும். ஆதலின் புயலெச்சரிக்கை வந்தவுடனே, கம்பியில் மின்சாரம் இருக்கும்போதே, எல்லாப் பேங்குகளையும் நிரப்பிக்கொள்ளுதல் வேண்டும். முதலிரண்டு நாளை அவை தாங்கும். புயல் கடந்தபின் பெரும்பாலும் வானம் வெளுக்கும். அதன்பின் வரும் பல நாட்களுக்கே பலகை. கோபுரம் வீழ்ந்து அலைவரிசையே இல்லாத நாளில் நிரம்பிய கைபேசியாலும் பேச இயலாது என்பதும் உண்மை. அப்பொழுதும் சிறு எல்.இ.டி. விளக்குக்கும் வானொலிப் பெட்டிக்கும் அது பயன்படும். இரவில் பாம்புக்கு அஞ்சிக் குழந்தைகளோடு விழித்திருந்த தாய்மார் ஒரு சிறு விளக்கின் அருமையை எம்மினும் நன்கு அறிவர்.

இனி, நிர்வாகக் குழுவில் எழுந்த பூசலுக்கு வருவோம். ஒரு சாரார் மண்டபத்துக்கு ஜெனரேட்டர் வாங்குவதே தக்கது என்கின்றனர். அவர் கூற்றில் உண்மை உண்டு. மண்டபத்துக் கிணற்றில் நீரேற்றும் ஒரு குதிரைத்திறன் மோட்டாரை இம்மடிப்புப் பலகைகள் அசைக்கவும் மாட்டா. ஆனால் கைபேசிக்கு மின்னேற்ற ஜெனரேட்டரை ஓட்டுதல், ஒரு குடம் நீர் முகக்க ஆற்றின் அணையையே திறப்பது போன்றது. சிறு எந்திரமும் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் எண்ணெய் குடிக்கும். புயலன்று எண்ணெய் நிலையமும் இருளிற் கிடக்கும். மூடிய அறையில் ஓட்டினால் அதன் புகை ஆளைக் கொல்லும். நீரேற்றும் நாளுக்கு அதனை வாடகைக்கு அமர்த்துக. பலகையை உடைமையாக்குக என்பதே எம் கருத்து.

100 வாட் மடிப்புப் பலகை இரண்டு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். நான்கு மணி நேர நல்வெயிலில், சேதாரம் போக, ஒவ்வொன்றும் 280 வாட்-மணி தரும், இரண்டும் 560. கைபேசி ஒன்றை முழுமையாக நிரப்ப 25 வாட்-மணி செலவாகும் என்று கொண்டால் நாளொன்றுக்கு இருபத்திரண்டு கைபேசி. அரைப்பங்கு நிரப்பித் தருவதென்று விதித்தால் நாற்பத்து நான்கு. வீட்டுக்கு ஒன்று என்று முறை வைத்தால் இரு நாளில் நம் ஊர்த் தெருக்கள் நான்கும் செய்தி சொல்லிவிடும். இத்தொகைக்கேற்ற பேங்குகளும் உடன் வாங்குதல் வேண்டும் என்பது மறவற்க. கொண்டு வருவோர் தத்தம் கைபேசியின் திரையொளியைத் தாழ்த்தி, வேண்டாத நேரத்தில் விமானப் பயன்முறையில் வைத்து, பேச்சுக்கு மாறாகக் குறுஞ்செய்தி அனுப்பினால் அரைப்பங்கே இரண்டு நாள் வரும்.

நான்கு தெரு என்று யாம் கூறியதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். நம் சங்க உறுப்பினர் வாழ்வன இரண்டே. நிர்வாகக் குழு வரைந்துள்ள விதிகளில், ‘உறுப்பினர் அட்டை காட்டுவோர்க்கே மின்னேற்றித் தரப்படும்’ என்று நான்காவது விதி கூறுகின்றது. அதனை நீக்க வேண்டும் என்று யாம் இவ்வவையை வேண்டுகின்றோம். காரணம் எளிது. 2018இல் நம் தெருக் குழாய்கள் வறண்டபோது நம் வீட்டுப் பெண்டிர் குடம் ஏந்திச் சென்றது கீழ்க்கரைத் தெருவின் அடிகுழாய்க்கு. அங்கு எவரும் அட்டை கேட்கவில்லை. வரிசை அமைக்க வேண்டுமாயின் கருவுற்ற பெண்டிர், நோயாளர் உள்ள வீட்டார், கடலுக்குச் சென்றவரைத் தேடுவோர், மக்களை அயல்நாட்டுக்கு அனுப்பியோர் என்று அமைக்கலாம். சங்கப் பணம் நம்முடையதே, மறுக்கவில்லை. ஞாயிறு நம்முடையதன்று.

அயல்நாடு என்றதும் நினைவு வருகின்றது. வெளிநாடு செல்லும் பிள்ளைகள் பேங்கை விமானத்தில் கைப்பையிலேயே கொண்டு செல்லுதல் வேண்டும். சரக்குப் பெட்டியில் இடுதல் விலக்கப்பட்டது. 100 வாட்-மணி வரை தடையில்லை. அஃதாவது ஏறத்தாழ 27,000 எண் வரை. 160க்கு மேற்பட்டது அறவே கூடாது. சிங்கப்பூர் விமான நிறுவனத்தார் 2025 ஏப்ரல் முதல் தம் விமானத்தினுள் பேங்கைக் கொண்டு மின்னேற்றுவதையும் தடுத்தனர். பெற்றோர் இதனைப் பிள்ளைகட்குச் சொல்லி அனுப்புக.

பலகைகளை யார் பொறுப்பில் வைப்பது என்பதும் முடிவாதல் வேண்டும். பேங்குகளை ஆண்டு முழுதும் பெட்டியில் வெறுமையாய்க் கிடத்தினால் கலம் மாண்டுவிடும். பாதிக்குச் சற்று மேல் நிரப்பி வைத்து, மூன்று திங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து ஏற்றி வைத்தல் இன்றியமையாதது. எம் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஆறு பேர் இப்பணியை ஏற்க முன்வந்துள்ளனர். அவருள் இருவர் நம் தெருவினர், நால்வர் பிற தெருவினர்.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு எம்முடைய 20 வாட் பலகையை இம்மண்டபத்து மாடியில் விரித்து வைப்போம். மாணவர் குண்டூசியுடன் இருப்பர். உறுப்பினர்கள் தத்தம் கைபேசியையும் கம்பியையும் கொணர்ந்து பார்க்கலாம். வரும்போது பேங்க் உள்ளவர் அதனையும் கொண்டு வருக, பதிவெண் உண்டா இல்லையா என்று உடனிருந்து பார்த்துச் சொல்வோம். நான்காவது விதி பற்றிய வாக்கெடுப்பு மாலைக் கூட்டத்தில் நிகழும் என்று செயலாளரவர்கள் அறிவித்துள்ளார்கள்.